பிள்ளையார் லாரிக்கு எந்தக் கூலண்ட்?

குர்லாவில் லாரி கேரேஜ் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். பழைய டீசல் லாரி ஒன்று அவரிடம் வந்து நிற்கிறதாம். கடைக்குப் போனால் அலமாரியில் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள், ரோஸ் என்று ஐந்து நிறத்தில் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் இருக்கிறதாம். "எதை ஊத்தட்டும் அண்ணாச்சி? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர், "இதை நீங்க எழுதியே குடுத்திருங்க, செவுத்துல ஒட்டிக்கிடுதேன்" என்றார். எழுத உட்கார்ந்தபின் தெரிகிறது, இது அவர் சுவருக்குள் அடங்காது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தென்காசிப் பக்கம் ஏழாம் வகுப்பு வரை போனேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பதினான்கு வயதில் பம்பாய்க்கு ரயிலேறி, லாரியில் கிளீனராகச் சேர்ந்து, நாக்பூர், இந்தூர், விசாகப்பட்டினம், கோவா என்று சுற்றி மறுபடியும் பம்பாய்க்கே வந்தேன். மொத்தம் பதினோரு கேரேஜ். சண்டை போட்டு வெளியேறியது இரண்டில்தான். மற்ற ஒன்பதிலும் ஒரு நாள் காலையில் எழுந்தபோது போக வேண்டும் என்று தோன்றியது, போய்விட்டேன். மழைக்காலத்தில் லாரிக்கு அடியில் தூங்கியிருக்கிறேன். இந்தூரில் சூடாக இருந்த ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து இடது கை வெந்துபோனது. மூன்று வாரம் வேலையில்லை, குருத்வாராவில் சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது. எனக்கு இடது கைப் பழக்கம். அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

அந்தக் கேரேஜ்களில் கூலண்ட் என்ற பேச்சே கிடையாது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவோம். போர் தண்ணீர், டேங்கர் தண்ணீர், எது கிடைக்கிறதோ அது. கொஞ்சம் விவரமானவர்கள் லேத்தில் கடைசலுக்கு ஊற்றுகிற எண்ணெயைக் கலப்பார்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிடும், ரப்பர் பைப்புகள் ஊறிப் பெருத்துவிடும். வண்டி சூடேறினால், சூட்டைப் பார்த்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவது இன்னொரு வைத்தியம். ரேடியேட்டர் ஒழுகினால் இருக்கவே இருக்கிறது மஞ்சள் பொடி. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளே போட்டால் அது சூட்டில் ஊறி, ஓட்டையைத் தேடிப் போய் அடைத்துக்கொள்ளும். டிரைவரின் மசாலா டப்பாவிலேயே மருந்து இருக்கும்போது யார் ரேடியேட்டரைக் கழற்றுவார்கள்?

தண்ணீர் மட்டும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் நான் இந்தூரில்தான் பார்த்தேன். பழைய லாரி எஞ்சினில் பிஸ்டன் ஓடுகிற குழாயை லைனர் என்பார்கள். அதன் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீரில்தான் நிற்கும். எஞ்சின் ஓடும்போது லைனர் விடாமல் நடுங்கும். அந்த நடுக்கத்தில் தண்ணீரில் குட்டிக் குமிழிகள் தோன்றி, லைனர் மேலேயே வெடித்து வெடித்து இரும்பைக் குத்தும். நான் கழற்றிய லைனர் தேங்காய் துருவுகிற பலகை மாதிரி இருந்தது. ஓர் ஓட்டை உள்ளே வரைக்கும் போய், தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டாவதாகத்தான் செம்பூரில் ஜெயா மேடத்தின் யார்டுக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்தொன்று, அவருக்கு முப்பத்திரண்டு. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா விட்டுப்போன ஏழு பழைய லாரிகளை வைத்து டிரான்ஸ்போர்ட் நடத்தினார். தமிழ் சரளமாகப் பேசுவார். வாசிக்கச் சொன்னால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எடுப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டி படுத்துவிட்டால் ஒரு பழக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். மூன்று கேள்விதான் கேட்பார்.

"என்ன ஊத்துனீங்க? எப்ப ஊத்துனீங்க? எதுக்கு ஊத்துனீங்க?"

ஆயிலானாலும் கிரீஸானாலும் கூலண்டானாலும் இதே மூன்று. பதில் சொன்னால் போதாது. ஒவ்வொரு லாரியின் ரேடியேட்டர் கழுத்திலும் கம்பியில் ஒரு தகரத் துண்டு தொங்கும். என்ன ஊற்றினோம், எப்போது, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்று ஆணியால் கீறி எழுத வேண்டும். "வாய்ல சொன்னது காத்துல போயிரும் அண்ணாச்சி, தகரத்துல சொல்லுங்க" என்பார். நான் தமிழில்தான் எழுதுவேன். அவருக்கு வாசிக்கச் சிரமம் என்றாலும் மாற்றச் சொன்னதில்லை.

அந்த யார்டில் ஒன்பது வருடம் இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை. இப்போது யோசித்தால் அந்தத் தகரம்தான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது. அதற்கு முன்பு நான் செய்த எந்த வேலையும் அடுத்த வருடம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் வேறு ஊரில் இருப்பேன். இங்கே என் எழுத்து எனக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இனி சாகுல் பாய். கடையநல்லூர்க்காரர், என் வயதுதான். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. முன்பக்கம் மயில் வரைந்த பழைய ஆறு சிலிண்டர் லாரி. அதை எங்கள் யார்டில்தான் நிறுத்துவார். தாராவியில் எங்கள் ஆட்கள் வைக்கிற பிள்ளையாரை விசர்ஜனுக்கு, அதாவது கரைப்பதற்கு, கடலுக்குக் கொண்டுபோவது பதினோரு வருடமாக அந்த மயில் லாரிதான். அன்று காலையில் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார் என்றால் இறங்கும்வரை யாரிடமும் ஸ்டியரிங்கைத் தரமாட்டார். தனக்குப் பெருநாள் வருடத்தில் மூன்று என்பார்.

ஊர்வலத்தைப் போல எஞ்சினைச் சோதிக்கிற வேலை வேறு இல்லை. மலையேறுகிற லாரிக்காவது எதிர்க்காற்று கிடைக்கும். இங்கே முதல் கியரில், ஆள் நடப்பதைவிட மெதுவாக, பத்தடிக்கு ஒருமுறை ஆட்டத்துக்காக நின்று, பகல் முழுக்க ஓட வேண்டும். பதினோராவது வருடம் மாட்டுங்கா பக்கம் வந்தபோது மயில் லாரி கொதித்துவிட்டது. மூடி வழியாக ஆவி அடித்து, பிள்ளையாரே மறைந்துபோனார். முக்கால் மணி நேரம் ஊர்வலம் நின்றது. பிள்ளையார் வைக்கிற குழுவான மண்டலின் செயலாளர் செல்வம், முப்பது வயதுப் பையன், எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்:

"பாய், அடுத்த வருஷம் ஒரே ஒரு சான்ஸ். அதுலயும் புகை விட்டுச்சுன்னா டிரெய்லர்தான். பந்தா கீழ விழுது பாய், புரிஞ்சுக்கிடுங்க."

சாகுல் பாய் என்னிடம் வந்து நின்றார். "வண்டி போனா போவுது வே. அந்த ஒரு நாள் போச்சுன்னா நான் என்னத்துக்கு இந்த ஊர்ல கெடக்கேன்?" என்றார். மூக்கை உறிஞ்சினார். அப்புறம் ஜலதோஷம் என்றார்.

அடுத்த வருடம், பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு மாதம் முன்பு, மழை விட்டிருந்த ஒரு காலையில் அந்த லாரியை எடுத்தோம். அது அவருடைய லாரிகளில் ஒன்று இல்லை என்றாலும், ஜெயா மேடம் கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"சாகுல் பாய், போன வருஷம் விசர்ஜனுக்கு முன்னாடி என்ன ஊத்துனீங்க?"

"தண்ணிதான் மேடம். சுத்தமான தண்ணி."

"அண்ணாச்சி, நீங்க?"

"உள்ள இருந்ததுதான் மேடம். கொஞ்சம் கொறஞ்சிருந்திச்சு, டாப்-அப் பண்ணேன்."

"எதை வச்சு?"

"கூலண்ட்டுதான்."

"ம்" என்றார். "திறங்க."

ரேடியேட்டருக்கு அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். ஒரு கட்டி சொத்தென்று விழுந்தது. பழுப்பு நிறம், வழவழப்பு, ஓரத்தில் எண்ணெய் மினுமினுப்பு.

மேடம் குனிந்து பார்த்தார். "க்யா பாத் ஹை. திருநெல்வேலி அல்வா. உங்க ஊர்லேர்ந்து பார்சலா அண்ணாச்சி?"

அடைப்பைக் கரைக்க வெந்நீரை ஊற்றினேன். மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது. கூடவே ஒரு வாசனை எழும்பியது. யார்டில் இருந்த எல்லாரும் மூக்கைத் தூக்கினார்கள். ரசம் கொதிக்கிற வாசனை. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு இங்க சாப்பாடா?" என்று கேட்டார்.

சாகுல் பாய் யார்டு சுவரில் உட்கார்ந்திருந்த காகத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றார் மேடம்.

"ஒரு கைப்பிடிதான் மேடம். மஞ்சப்பொடி. ஒழுவாம இருக்கும். அதோட பிள்ளையார் ஏறுத வண்டில்லா, மங்களமா இருக்கட்டுமேன்னு..."

"எப்ப?"

"வருஷாவருஷம். பதினொரு வருஷமா."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. மேடம் என் பக்கம் திரும்பினார். "இது மஞ்சள் மட்டும் இல்ல அண்ணாச்சி. மஞ்சள் இப்பிடி அல்வா ஆவாது. சச் போலோ, நெசத்தைச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். போன வருடம் ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு அளவு குறைந்திருந்தது. உள்ளே இருந்தது பழைய பச்சைக் கூலண்ட். கடையில் பச்சை தீர்ந்துபோயிருந்தது. சிவப்பு இருந்தது. ஐந்து வருடம் உழைக்கும் என்று கடைக்காரன் சொன்னான். விலையும் அதிகம். விலை அதிகம் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நான்கு லிட்டரைப் பச்சைக்கு மேலேயே ஊற்றினேன். வெளி வண்டிதானே என்று தகரமும் கட்டவில்லை. இரண்டிலும் உள்ள மருந்துகள் வேறு வேறு ஜாதி. சேர்ந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கூழாகிவிடும். அந்தக் கூழ் மஞ்சளைப் பிடித்துக்கொண்டு குழாய்களில் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு வருடமாக நான் சாகுல் பாயின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு டப்பா ஞாபகம் வரும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கிரேட்டில் உட்கார முடியாமல் எழுந்து, லாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆளுக்குப் பாதி கொழம்பு வச்சிருக்கீங்க! ரெண்டு பேருக்கும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம!"

சாகுல் பாய் என்னை முறைத்தார். "நீதானாவே அது? ஒரு வருஷமா ஆண்டவன் என்னத்துக்கு என்னைச் சோதிக்கான்னு கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்!"

"நீரும்தான் வே. பதினொரு வருஷமா எஞ்சினுக்கு ரசம் வச்சிருக்கீரு."

அதோடு முடிந்தது. டீ வந்தது.

நண்பர் கேட்ட விஷயத்துக்கு இப்போது வருகிறேன். முதலில் ரேடியேட்டரைக் கழற்றி உங்கள் குர்லாவில் உள்ள ஒரு ரேடியேட்டர் பட்டறைக்கு அனுப்பினோம். பழைய செம்பு ரேடியேட்டர், ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அங்கே மேல் தொட்டியை இளக்கி எடுத்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஒழுகிய இரண்டு இடத்தையும் அடைத்துக் கொடுத்தார்கள். இனி மஞ்சளுக்கு வேலை இல்லை. எஞ்சினுக்குள் கழுவும் மருந்து கலந்த தண்ணீரை விட்டு, ஓட்டி, ஆறவைத்து வடித்தேன். பிறகு நல்ல தண்ணீரால் மறுபடி மறுபடி கழுவினேன். ஐந்தாவது முறை வந்த தண்ணீரை மேடம் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். ஆறாவது முறைதான் விட்டார். புது பைப்புகள், புது மூடி, புது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது வைத்தியம் இல்லை.

பிறகு கூலண்ட். நிறத்தைப் பார்த்து வாங்கியதுதான் நான் செய்த தப்பு. நிறம் வெறும் சாயம், ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டத்துக்குப் போடுகிறது. எழுத்தைப் படிக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் இரண்டு விஷயத்தைத் தேடக் கற்றுக்கொண்டேன். ஒன்று, கனரக டீசல் எஞ்சினுக்கானது, அதாவது ஹெவி டூட்டி என்று போட்டிருக்க வேண்டும். இன்னொன்று, நைட்ரைட் என்ற மருந்து. நான் சொன்னேனே, லைனரைத் தேங்காய்த் துருவி ஆக்குகிற குமிழிகள், அவற்றிலிருந்து இரும்பைக் காப்பது அதுதான். கார்களுக்கு என்று விற்கிற பல கூலண்டில் அது இருக்காது. நான் ஊற்றிய அந்த நீண்டகால வகை புது எஞ்சினுக்கும் அலுமினிய ரேடியேட்டருக்கும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஈயப் பற்றுவைத்த செம்பு ரேடியேட்டரும் பழைய ரப்பர் சீல்களும் உள்ள இந்த வண்டிக்கு, அது எந்தக் காலத்தில் பிறந்ததோ அந்தக் காலத்துப் பழைய வகைதான் ஒத்துப்போகும். வண்டியோடு வந்த புத்தகத்தை சாகுல் பாய் பாலிதீனில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதைப் பிரித்தோம். அதிலும் அந்த வகைதான் போட்டிருந்தது.

பாதி கூலண்ட், பாதி பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். போர் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு படியும். இரண்டையும் வாளியில் முதலிலேயே கலந்துவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அந்த அளவுக்கு ஊற்றி மூடினால் தீர்ந்தது. நடுவில் சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்து மருந்து குறைந்திருந்தால் சேர்க்கலாம். எப்படியும் இரண்டு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிட வேண்டும்.

கடைசியில் மேடம் ஒரு தகரத் துண்டை நீட்டினார். வெளி வண்டிக்கு யார்டில் தகரம் கட்டியது அதுதான் முதல் தடவை. தேதி எழுதுவதைவிட சாகுல் பாய்க்குப் புரிகிற மாதிரி எழுதலாம் என்று கீறினேன்.

விசர்ஜன நாள் காலையில் வண்டிக்குப் பூஜை போட்டார்கள். தட்டில் மஞ்சள் பொடி இருந்தது. சாகுல் பாயின் கை தன்னால் அந்தப் பக்கம் போனது.

"வெளிய பூசும் பாய்" என்றேன்.

"தெரியும் வே" என்று பானட்டில் மூன்று விரல் மஞ்சளை இழுத்தார். மயிலுக்கும் கொஞ்சம் வைத்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். நான் அவருக்குப் பக்கத்துச் சீட்டில். என் வேலை சூட்டு முள்ளைப் பார்ப்பது மட்டும்தான். முதல் ஒரு மணி நேரம் முள் நடுவிலேயே நின்றது. மேளமும் தாஷாப் பறையும் காதைப் பிளந்தன. மாட்டுங்கா திரும்பியதும் முள் மெல்ல ஏற ஆரம்பித்தது. சாகுல் பாயும் பார்த்துவிட்டார். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து ஃபேனை வேகமாகச் சுற்ற வைத்தார். முள் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் அகலம்தான் பாக்கி.

"என்னவே, நல்லதைத்தானே ஊத்துன?"

"நல்லதுதான் ஊத்துனேன்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அப்போது முன்னால் நடந்துவந்துகொண்டிருந்த மேடம் திரும்பி லாரியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இறங்கி வாங்க அண்ணாச்சி. வந்து பாருங்க."

லாரியின் மூக்கில் மயில் இல்லை. கிளம்பியபின் யாரோ அங்கே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கைகூப்பிச் சிரிக்கிற செயலாளர் செல்வம், சுற்றிலும் சாமந்தி மாலைகள். ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழி முழுக்க அடைபட்டிருந்தது. கூலண்ட் சூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறது; அதை வாங்கிக்கொள்ளக் காற்று இல்லை.

மேடம் செல்வத்தைக் கூப்பிட்டார். அவனோ, "தீதி, கட்டுனதுலேர்ந்து எல்லாரும் இதத்தான் போட்டோ எடுக்காங்க" என்றான்.

"உன் மூஞ்சி எஞ்சினுக்கு மூச்சை அடைக்குது செல்வம். நீயா அவுக்கிறியா, நான் கிழிக்கட்டுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செல்வமே ஏறி அவிழ்த்தான். அவன் முகத்தை டிரைவர் கேபினுக்கு மேலே கட்டினோம். அங்கே இன்னும் உயரமாகத் தெரிந்ததில் அவனுக்கும் சந்தோஷம்தான். மாலைகளை மேடம் தன் கழுத்திலும் என் கழுத்திலும் போட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் முள் இறங்கி நடுவுக்கு வந்தது. அதன்பின் கடற்கரை வரை அது அங்கிருந்து அசையவில்லை. நான் கேபினை விட்டு இறங்கி ஆடினேன். என் வாழ்க்கையில் ஊர்வலத்தில் ஆடியது அந்த ஒரு முறைதான். நன்றாக ஆடவில்லை என்று பிறகு வீடியோவில் பார்த்தேன்.

தாதர் கடற்கரையை அடைந்தபோது வெளிச்சம் இருந்தது. பிள்ளையாரை இறக்கினார்கள். செல்வம் வந்து சாகுல் பாயின் கையைப் பிடித்தான்.

"இந்த வருஷம் ஃபர்ஸ்ட் கிளாஸ் பாய். ஒத்துக்கிடுதேன். ஆனா அடுத்த வருஷத்துக்கு டிரெய்லர்காரங்கிட்ட கொஞ்சம் பேசி வச்சிட்டேன்..."

சாகுல் பாய் பானட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் கழுத்தில் தொங்கிய தகரத்தைக் காட்டினார். "படி."

செல்வம் தலையைச் சொறிந்தான். "எனக்குத் தமிழ் வாசிக்க வராது பாய்."

சாகுல் பாய் கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்: "ஊத்துனது பழைய வகைப் பச்சை, ஹெவி டூட்டி. பாதி பேட்டரித் தண்ணி. மஞ்சள் போடக் கூடாது. அடுத்த மாத்து: ரெண்டு பிள்ளையார் கழிச்சு."

"ரெண்டா?" என்றான் செல்வம்.

"ரெண்டுன்னுதான் எழுதியிருக்கு. இப்ப ஒண்ணுதான் ஆயிருக்கு. மிஸ்திரி எழுதுனதை நீயும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது."

செல்வம் மேடத்தைப் பார்த்தான். மேடம் தோளைக் குலுக்கினார். "தகரத்துல வந்திருச்சு. பஸ், அவ்வளவுதான்." டிரெய்லர் பேச்சு அதோடு கடலில் கரைந்தது.

அந்த வருடக் கடைசியில் முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டேன். இப்போது கோபர்கைரனேயில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த வருட ஊர்வலத்தை மகளோடு போய்ப் பார்த்தேன். மயில் லாரி எங்கும் நிற்கவில்லை. செல்வம் முகம் கேபின் மேலே சிரித்தது.

குர்லா நண்பரே, உங்கள் லாரி எந்த வருடத்தில் பிறந்தது, ரேடியேட்டர் செம்பா அலுமினியமா, உள்ளே இப்போது என்ன இருக்கிறது? மூன்றையும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை செம்பூர் யார்டுக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன். இரண்டு பிள்ளையாரும் ஆகிவிட்டது. தகரத்தில் எழுதியிருக்கிறது, போகாமல் இருக்க முடியாது.